கீழே இருப்பவன் செய்த கொலைக்கு மேலே இருப்பவர் பதில் சொல்ல வேண்டுமா? தளபதியின் பொறுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்க்குற்ற வழக்கு ஏதாவது செய்தியில் வந்தால் போதும், உடனே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். "அவர் அந்த ஊரிலேயே இல்லையே, அவரை ஏன் பிடிக்கிறீர்கள்" என்பது ஒன்று. "தளபதிதானே, அவரைத் தூக்கில் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்" என்பது இன்னொன்று. சட்டம் இந்த இரண்டையுமே சொல்லவில்லை. என் காதில் திரும்பத் திரும்ப விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

அவர் யாரையும் சுடல, சுடச் சொல்லவும் இல்ல. அப்புறம் எப்படி அவர் குற்றவாளி ஆவார்?

செய்ததற்காக அல்ல, செய்யாமல் விட்டதற்காக. ஆயுதம் தாங்கிய ஆயிரக்கணக்கான ஆட்களை ஒருவர் கையில் கொடுக்கும்போது, அவர்களைக் கட்டுக்குள் வைக்கும் கடமையும் சேர்த்தேதான் கொடுக்கப்படுகிறது. 1907 ஹேக் விதிகளின் முதல் பிரிவே இதைத்தான் சொல்கிறது: ஒரு படை சட்டப்படியான படையாக மதிக்கப்பட வேண்டுமானால், கீழே இருப்பவர்களுக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் அதற்குத் தலைமை தாங்க வேண்டும். அந்தப் பொறுப்பேற்கும் ஆள் இல்லாவிட்டால் அது படையே இல்லை, ஆயுதம் வைத்திருக்கும் கும்பல்.

உத்தரவு போட்டுக் கொன்றிருந்தால் அது வேறு கணக்கு. அப்போது அவர் நேரடிக் குற்றவாளி, இந்தக் கோட்பாடே தேவைப்படாது. உத்தரவு போட்டதற்குச் சாட்சியம் இல்லாத, ஆனால் எல்லாம் அவர் கண்ணெதிரே நடந்த வழக்குகளுக்காகத்தான் கட்டளைப் பொறுப்பு என்ற இந்தச் சட்டம்.

அப்படின்னா எந்தச் சிப்பாய் எங்க தப்பு செஞ்சாலும் தளபதி மாட்டிக்குவாரா?

இல்லை. மூன்று விஷயங்கள் நிரூபிக்கப்பட வேண்டும், மூன்றும் சேர்ந்து நிரூபிக்கப்பட வேண்டும். குற்றம் செய்தவர்கள் உண்மையிலேயே அவர் கட்டுப்பாட்டில் இருந்தார்களா, குற்றம் நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா (அல்லது தெரிந்திருக்க வேண்டியதா), தெரிந்தும் தடுக்கவோ தண்டிக்கவோ தன்னால் ஆனதைச் செய்யாமல் விட்டாரா. ஒன்று உடைந்தாலும் வழக்கு உடைந்துவிடும்.

போஸ்னியாவில் 1992இல் செலெபிச்சி என்ற ஊரில் இருந்த கைதிகள் முகாம் வழக்கு இதற்கு நல்ல பாடம். அங்கே செர்பியக் கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள், சித்திரவதை செய்யப்பட்டார்கள். முகாமின் தலைவர் முசிச், எனக்கு யாரும் எழுத்தில் நியமன உத்தரவே தரவில்லை என்று வாதாடிப் பார்த்தார். முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கான ஐ.நா. தீர்ப்பாயம் 1998இல் அதை ஏற்கவில்லை. காவலர்கள் யார் பேச்சைக் கேட்டார்கள், கைதியை விடுவிக்க யாரால் முடிந்தது என்றுதான் பார்த்தது, முசிச் தண்டிக்கப்பட்டார். அதே வழக்கில் அந்தப் பகுதியில் அவரைவிடப் பெரிய ஆளாகத் தெரிந்த டெலாலிச்சுக்கு விடுதலை, ஏனென்றால் செல்வாக்கு இருந்ததே தவிர முகாம் அவர் கட்டுப்பாட்டில் இருந்ததாக நிரூபிக்க முடியவில்லை. பதவிப் பெயரோ தோளில் இருக்கும் நட்சத்திரமோ இங்கே பெரிதாக எடுபடாது.

இதெல்லாம் ஜெயிச்சவன் தோத்தவனுக்குப் போட்ட சட்டம்தானே?

ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. பூசி மெழுக வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தின் முதல் பெரிய வழக்கு ஜப்பானிய ஜெனரல் தோமோயுகி யமாஷிடாவுடையது. 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸில் இருந்த ஜப்பானியப் படைக்குத் தலைமை ஏற்றார், அதே மாதம் 20ஆம் தேதி அமெரிக்கப் படை லெய்டே தீவில் இறங்கிவிட்டது. 1945 பிப்ரவரி, மார்ச்சில் மணிலாவில் ஜப்பானியப் படைகள் பொதுமக்களைக் கொன்று குவித்தன. அந்த நகரச் சண்டையில் இறந்த பொதுமக்கள் சுமார் ஒரு லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. யமாஷிடா அப்போது மணிலாவில் இல்லை, வடக்கே பாகியோ மலைப்பகுதிக்குப் போய்விட்டார். நகரைக் காலி செய்யச் சொல்லியிருந்தும், அங்கே இருந்த கடற்படைத் தளபதி இவாபுச்சி வெளியேறாமல் நின்று சண்டை போட்டார்.

வழக்கை விசாரித்தவர்கள் ஐந்து அமெரிக்க ஜெனரல்கள், ஒருவர்கூட வழக்கறிஞர் இல்லை. 1945 டிசம்பர் 7 அன்று தூக்குத் தண்டனை. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட அதே தேதி, அது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம். இவ்வளவு பரவலாக நடந்த கொடுமை தளபதி கண்டும் காணாமல் விட்டிருந்தாலோ ரகசியமாக உத்தரவிட்டிருந்தாலோ ஒழிய நடந்திருக்காது என்பது தீர்ப்பின் சாரம். உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று நேராகச் சொல்லவே இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய இரண்டு நீதிபதிகளில் ஒருவரான மர்ஃபி, உங்கள் தகவல் தொடர்பை நாங்களே நொறுக்கிவிட்டு, உங்கள் படையை ஏன் கட்டுக்குள் வைக்கவில்லை என்று கேட்கிறோம் என்ற பொருள்பட எழுதினார். 1946 பிப்ரவரி 23 அன்று யமாஷிடா தூக்கிலிடப்பட்டார்.

அப்போ அந்தத் தீர்ப்பு தப்பா?

என்னைக் கேட்டால், வந்த முடிவைவிட வந்த வழிதான் தவறு. அவருக்கு என்ன தெரியும், என்ன செய்ய முடிந்தது என்ற இரண்டு கேள்விகளையும் ஒழுங்காக விசாரிக்காமலேயே உயிரை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, 1948இல் ஜெர்மன் உயர் தளபதிகள் மீதான நியூரம்பெர்க் வழக்கில் அமெரிக்க நீதிபதிகளே இதிலிருந்து விலகி வந்தார்கள். கட்டளை வரிசையில் இருந்தார் என்பது மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்காது, அவருடைய சொந்தத் தவறு ஏதாவது இருக்க வேண்டும் என்றார்கள். முன்பே சொன்ன மூன்று நிபந்தனைகளுக்கு விதை அங்கேதான்.

எழுத்துபூர்வமான சர்வதேசச் சட்டமாக இது வந்தது 1977இல், ஜெனீவா ஒப்பந்தங்களின் முதல் கூடுதல் நெறிமுறையில், 86, 87ஆம் பிரிவுகளாக. இன்றைக்குப் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுவது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தின் 28ஆவது பிரிவு. 1998இல் ஏற்கப்பட்டு 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

"எனக்குத் தெரியாது"ன்னு ஒரே வார்த்தையில சொல்லித் தப்பிச்சிட முடியாதா?

பலர் அதைத்தான் முயல்கிறார்கள். தப்பிப்பதும் தப்பிக்காததும் எந்தச் சட்டத்தின் கீழ் விசாரணை என்பதைப் பொறுத்தது. யுகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் அளவுகோல்: எச்சரிக்கையாக இருக்கும்படி சொல்லும் தகவல் ஏதாவது அவர் கைக்கு வந்திருந்ததா? வந்திருந்தால் மேலே விசாரித்திருக்க வேண்டும், படிக்காமல் மேசையில் போட்டு வைத்தேன் என்பது பதில் ஆகாது. ஆனால் தகவலே வராதபோது தேடிப் போகவில்லை என்பதற்காக மட்டும் தண்டிக்க முடியாது. ரோம் சாசனம் இன்னும் ஒரு படி இறுக்கம், அன்றைய சூழ்நிலையில் ஒரு தளபதிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றாலே போதும்.

இதற்கு நேர் எதிர்க் கோடி அமெரிக்காவின் மை லாய் வழக்கு. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் அந்தக் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் கொன்ற பொதுமக்கள், அமெரிக்கக் கணக்குப்படி 347 பேர், வியட்நாம் கணக்குப்படி 504 பேர். கம்பெனித் தளபதி கேப்டன் மெடினா அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தவர். 1971இல் அவர் வழக்கில், கொலை நடப்பது அவருக்கு உண்மையாகவே தெரிந்திருந்தால்தான் குற்றவாளி என்று ராணுவ நீதிபதி நடுவர்களுக்கு அறிவுறுத்தினார். விடுதலை ஆகிவிட்டார். வேறு ஊரில் மலை மேல் இருந்த எதிரி ஜெனரலைத் 'தெரிந்திருக்க வேண்டும்' என்று தூக்கில் போட்ட அதே ராணுவம், இருபத்தைந்து வருடம் கழித்துத் தன் சொந்த கேப்டனுக்கு 'தெரிந்ததா என்று காட்டுங்கள்' என்று கேட்டது. இதைப் பார்த்துக் கோபம் வராதவர்கள் குறைவு.

மனசுக்குள்ள என்ன தெரிஞ்சதுன்னு கோர்ட் எப்படிக் கண்டுபிடிக்கும்?

மனதைத் திறந்து பார்க்க முடியாது, ஆனால் ராணுவம் என்பது காகிதத்தில் ஓடும் இயந்திரம். அன்றாட நிலவர அறிக்கைகள், வானொலிச் செய்திப் பதிவுகள், அவருக்கு வந்து சேர்ந்த புகார்க் கடிதங்கள், செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த எச்சரிக்கைகள், அந்த நாட்களில் வெளிவந்த பத்திரிகைச் செய்திகள், எல்லாவற்றையும் அடுக்குவார்கள். இவற்றோடு குற்றத்தின் தன்மையையும் பார்ப்பார்கள். ஒரே மாதிரிக் கொலை பல ஊர்களில், பல வாரங்கள், பல பிரிவுகளால் நடந்திருந்தால் அது எவனோ ஒருவன் புத்தி பிசகிச் செய்தது என்று சொல்ல முடியாது.

பல வழக்குகளில் சாட்சியம் தளபதி வாயிலிருந்தே வந்துவிடுகிறது. 'பொதுமக்களைத் தொடாதீர்கள்' என்று நடுவில் திடீரென ஒரு உத்தரவு போட்டிருப்பார். நல்ல உத்தரவுதான், ஆனால் அதை ஏன் அன்றைக்குப் போட வேண்டி வந்தது என்று அரசுத் தரப்பு கேட்கும். அவருக்குச் சாதகமான காகிதமே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்கு ஆதாரமாகிவிடும்.

சரி, தெரிஞ்சுது. ஆனா போர் நடுவுல அவர் என்னதான் செஞ்சிருக்க முடியும்?

முடியாததைச் செய்யச் சொல்லிச் சட்டம் கேட்கவில்லை. தன் அதிகாரத்துக்குள் இருந்த, தேவையான, நியாயமான நடவடிக்கைகளை எடுத்தாரா என்றுதான் கேட்கிறது. நடக்கப்போவது தெரிந்தால் தடுக்க வேண்டும், நடந்துகொண்டிருந்தால் நிறுத்த வேண்டும், நடந்து முடிந்திருந்தால் விசாரித்துத் தண்டிக்க வேண்டும், தண்டிக்கும் அதிகாரம் இல்லையென்றால் அது உள்ளவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். முன்னதைச் செய்யாமல் விட்டுவிட்டுப் பின்னதைச் செய்து ஈடுகட்டவும் முடியாது. தடுக்க முடிந்தும் தடுக்காதவர், அப்புறம் நாலு பேரைச் சிறையில் போட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

யுகோஸ்லாவிய ராணுவ ஜெனரல் ஸ்ட்ருகார் சிக்கியது இப்படித்தான். 1991 டிசம்பர் 6 அன்று குரோஷியாவின் துப்ரோவ்னிக் பழைய நகரின் மேல் அவர் படை குண்டு வீசியது. அதற்கு முன்பே அதே நகரின் மேல் குண்டு விழுந்திருந்தது, அது அவருக்குத் தெரியும். அன்று தாக்குதலை உறுதியாக நிறுத்தவும் இல்லை, பிறகு யாரையும் தண்டிக்கவும் இல்லை. எட்டு வருடத் தண்டனை, மேல்முறையீட்டில் ஏழரை ஆனது.

பெம்பா கேஸ்ல எல்லாமே நிரூபணம் ஆச்சுன்னாங்க, கடைசியில விட்டுட்டாங்களே?

சட்டம் படித்தவர்களே இன்னும் சண்டை போடும் வழக்கு இது. காங்கோவின் ஜான் பியர் பெம்பா, தன் போராளிப் படையை 2002 அக்டோபரில் பக்கத்து நாடான மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்கு அனுப்பினார், அந்த நாட்டு அதிபருக்கு உதவியாக. அந்தப் படை கொன்றது, கொள்ளையடித்தது, பெருமளவில் பாலியல் வன்கொடுமை செய்தது. 2016இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அவருக்கு 18 வருடம் விதித்தது. கட்டளைப் பொறுப்புக்காக அந்த நீதிமன்றம் கொடுத்த முதல் தண்டனை அதுதான்.

2018 ஜூன் 8 அன்று மேல்முறையீட்டில் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் விடுதலை. கொடுமை நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவர் விசாரணைக் குழு அமைத்தார், சிலரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார், ஐ.நா.வுக்குக் கடிதம் எழுதினார், எல்லைக்கு அப்பால் தூரத்தில் இருந்த தளபதிக்கு இருந்த கஷ்டங்களைக் கீழ் நீதிமன்றம் சரியாக எடை போடவில்லை என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். குற்றச்சாட்டில் இல்லாத சம்பவங்களையும் தீர்ப்பில் சேர்த்துவிட்டார்கள் என்பது இன்னொரு காரணம். எதிர்த்து எழுதிய இருவர், அந்த விசாரணையெல்லாம் கண்துடைப்பு என்ற கீழ் நீதிமன்றத்தின் முடிவை மாற்ற வேண்டியதில்லை என்றார்கள். எனக்கு அந்த இருவர் பக்கம்தான் சாய்வு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்கள் அந்த வழக்கில் பங்கேற்றிருந்தார்கள். பெம்பா 2023இல் காங்கோவின் பாதுகாப்பு அமைச்சரானார்.

மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்றதுன்னு சிப்பாய் சொன்னா? தளபதி மாட்டினா சிப்பாய் தப்பிச்சிடுவானா?

இல்லை, இருவரும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டும். ஒருவர் மாட்டுவதால் மற்றவர் விடுபடுவதில்லை. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்ற வாதம் 1474லேயே, பிரைசாக் நகரில் ஹாகன்பாக் என்பவர் வழக்கிலேயே எடுபடவில்லை, தலை போயிற்று. ரோம் சாசனத்தில் மிகக் குறுகிய விதிவிலக்கு ஒன்று உண்டு, ஆனால் இனப்படுகொலைக்கோ மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்கோ அது பொருந்தாது.

மந்திரி, கம்பெனி முதலாளி மாதிரி ராணுவத்துல இல்லாதவங்க? அப்புறம் இயக்கங்கள்?

எல்லோருக்கும் உண்டு. சீனாவில் ஜப்பானியப் படை நடத்திய நான்கிங் படுகொலைக்காக டோக்கியோ தீர்ப்பாயம் ஜெனரல் மத்சுயியை மட்டுமல்ல, வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிரோதாவையும் சேர்த்துத் தண்டித்தது. கொடுமை நிற்க வேண்டும் என்று அமைச்சரவையில் வற்புறுத்தவில்லை என்பது அவர்மேல் இருந்த குற்றங்களில் ஒன்று. இருவருமே 1948 டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார்கள். ருவாண்டாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் இயக்குநர் முசேமா, தன் ஊழியர்கள் செய்த கொலைகளுக்கும் பதில் சொல்ல வேண்டி வந்தது. ஆனால் ரோம் சாசனம் ராணுவம் அல்லாத மேலதிகாரிகளுக்குக் கொஞ்சம் சலுகை தருகிறது: 'தெரிந்திருக்க வேண்டும்' என்பது போதாது, தெளிவாகக் காட்டிய தகவலை வேண்டுமென்றே புறக்கணித்திருக்க வேண்டும்.

இயக்கங்கள் விஷயத்தில் பெம்பாவே உதாரணம், அன்றைக்கு அவர் படை எந்த அரசின் ராணுவமும் இல்லை.

எப்பப் பார்த்தாலும் சின்ன ஆளுங்க மட்டும்தானே உள்ள போறாங்க?

பெரும்பாலும் ஆமாம். மை லாயில் கடைசியில் குற்றவாளி என்று தீர்ப்பானவர் லெப்டினன்ட் கெலி ஒருவர்தான், 22 பேரைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை. அதுவும் குறைக்கப்பட்டு, பெரும்பாலும் வீட்டுக்காவலிலேயே கழிந்து, 1974இல் வெளியே வந்துவிட்டார். டிவிஷன் தளபதி கோஸ்டருக்குப் பதவி ஒரு படி இறங்கியது, அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு விசாரணைக்கு வராமலேயே கைவிடப்பட்டது.

காரணம் புரியாததல்ல. சுட்டவனுக்கு நேரடிச் சாட்சி உண்டு. மேலே போகப்போக ஒவ்வொரு படியிலும் 'தெரியும்' என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும், அதற்கான காகிதங்கள் இருப்பதோ குற்றம் சாட்டப்பட்டவர்களின் அலுவலகத்தில். விசாரிப்பதும் பெரும்பாலும் அதே ராணுவம்.

இலங்கை விஷயத்துல ஏன் எதுவுமே நடக்கல?

இலங்கை ரோம் சாசனத்தில் சேரவில்லை. சேராத நாட்டில் நடந்ததை அந்த நீதிமன்றம் எடுக்க வேண்டுமானால், பொதுவாக ஐ.நா. பாதுகாப்பு சபை அனுப்ப வேண்டும். டார்ஃபூருக்கு 2005இலும் லிபியாவுக்கு 2011இலும் அப்படி அனுப்பினார்கள். வீட்டோ வைத்திருக்கும் ஐந்து நாடுகளில் ஒன்று மறுத்தாலும் முடிந்தது. உள்நாட்டில் நடந்த சில வழக்குகளும் முந்தைய பதிலில் சொன்ன மாதிரிதான். 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுப் பேர் கொல்லப்பட்ட வழக்கில் 2015இல் ராணுவ சார்ஜன்ட் ஒருவருக்கு மட்டும் மரண தண்டனை கிடைத்தது, 2020 மார்ச்சில் ஜனாதிபதி அவருக்கும் மன்னிப்பு கொடுத்துவிட்டார்.

மற்றபடி 2015இல் வெளியான ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கை அரசுப் படை, விடுதலைப் புலிகள் இரு தரப்பின் மீறல்களையும் பதிவு செய்தது. 2021 முதல் ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் வேலை அதே அலுவலகத்தில் நடக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகள் சில முன்னாள் தளபதிகளுக்குப் பயணத் தடை விதித்தன. தடை தண்டனை ஆகாது, அங்கே குற்றம் நிரூபிக்கப்படுவதில்லை. ஆதாரத்தைச் சேர்த்து வைப்பதற்கு மதிப்பு இருக்கிறது, ஏனென்றால் ரோம் சாசனத்தின் குற்றங்களுக்குக் காலாவதி கிடையாது, வேறு நாட்டு நீதிமன்றங்களும் ஒருநாள் இவற்றை எடுக்கலாம்.

கோர்ட்டுக்குப் போகாமலே தளபதியைப் பொறுப்பாக்க வழி இருக்கா?

இருக்கிறது. எல் சால்வடோரின் இரண்டு முன்னாள் ஜெனரல்கள் ஓய்வுபெற்று அமெரிக்காவில் நிம்மதியாக வாழ்ந்தார்கள். அவர்கள் படையால் சித்திரவதை செய்யப்பட்டவர்கள் அங்கே சிவில் வழக்குப் போட்டு 2002இல் 5.46 கோடி டாலர் நஷ்ட ஈட்டுத் தீர்ப்பு வாங்கினார்கள். அதுவும் நீதிமன்றம்தான், ஆனால் சிறை இல்லை. அப்புறம் இருவரும் நாடு கடத்தப்பட்டார்கள்.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. ஆப்கானிஸ்தானில் தன் சிறப்புப் படையினர் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதாக நம்பத்தகுந்த தகவல் இருப்பதாக 2020இல் அதிகாரபூர்வ அறிக்கை சொன்னது. மேல்மட்டத் தளபதிகளுக்குத் தெரிந்திருந்ததற்கு ஆதாரம் இல்லை, ஆனாலும் தார்மீகப் பொறுப்பு உண்டு என்றது. 2024இல் சில அதிகாரிகளின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. இது போதுமா என்று கேட்டால் போதாதுதான். ஆனாலும் 'சட்டப்படி நிரூபணமாகவில்லை' என்பதையே 'அவர் சுத்தம்' என்று படிக்கும் வழக்கத்துக்கு இது ஒரு குட்டு.

தளபதி கொலைக் குற்றவாளியா, இல்ல கடமை தவறியவர் மட்டுமா?

நல்ல கேள்வி, நீதிபதிகளுக்கே ஒருமித்த பதில் இல்லை. யமாஷிடா காலத்தில் கொலையையே அவர் செய்ததுபோல் நடத்தினார்கள். யுகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் பிற்காலத் தீர்ப்புகள், அவர் பொறுப்பாவது தன் கடமையைச் செய்யாததற்குத்தான் என்ற பக்கம் நகர்ந்தன. தண்டனையிலும் அது தெரிகிறது: போஸ்னிய ஜெனரல் ராசிம் டெலிச்சுக்கு மூன்று வருடம். ஜெர்மனி தன் 2002 சட்டத்தில் இரண்டையும் பிரித்துவிட்டது, தெரிந்தே விட்டவருக்குக் குற்றவாளிக்கு உரிய தண்டனை, மேற்பார்வையில் கோட்டை விட்டவருக்கு அதைவிடக் குறைவு. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது, கண்ணை மூடிக்கொண்டவரையும் கவனிக்காமல் விட்டவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

படுகொலை நடந்த அடுத்த வாரம் புதுத் தளபதி வர்றார். எல்லாம் தெரியும், யாரையும் தண்டிக்கல. அவர் மாட்டுவாரா?

இதில்தான் சட்டத்தில் பெரிய ஓட்டை. போஸ்னியத் தளபதி ஹஜிஹசனோவிச் வழக்கில் 2003இல் யுகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்று பிரிந்து, குற்றம் நடந்த நேரத்தில் அந்த ஆட்கள் அவர் கட்டுப்பாட்டில் இல்லை, எனவே பொறுப்பில்லை என்றார்கள். ரோம் சாசனத்தின் வாசகத்தையும் பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். எதிர்த்த இருவரின் வாதம் எளிமையானது: தண்டிக்கும் கடமை நாற்காலியோடு வருவது, அதில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் அவருக்குப் பொருந்தும். இல்லாவிட்டால் ஒரு அரசு படுகொலை முடிந்த கையோடு தளபதியை மாற்றிவிடலாம். பழையவர் விசாரிக்க எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்பார், புதியவர் அப்போது நான் அங்கே இல்லை என்பார். 2008இல் ஓரிச் என்ற இன்னொரு போஸ்னியத் தளபதியின் மேல்முறையீட்டிலும் சில நீதிபதிகள் பழைய தீர்ப்பைச் சந்தேகித்து எழுதினார்கள், ஆனால் அதை மாற்றாமலேயே விட்டுவிட்டார்கள்.